டி-டெஸ்ட் கண்டுபிடித்த பீர் கம்பெனிக்காரர்

செகண்ட் செம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் 'ஸ்டூடன்ட்ஸ் டி-டெஸ்ட்' சம் போட்டிருப்பீங்க. சாம்பிள் 10, மீன் இவ்வளவு, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் இவ்வளவு, டேபிள் வேல்யூ பார்த்து நல் ஹைப்பாதஸிஸ் ரிஜெக்டட் என்று எழுதி, 13 மார்க்கை வாங்கிக்கொண்டு அடுத்த யூனிட்டுக்குப் போயிருப்பீங்க. அந்த 'ஸ்டூடன்ட்' யாருன்னு எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா? ஸ்டூடன்ட்ஸ் போடுற சம், அதனால அந்தப் பெயர்னு நினைச்சவங்க நம்ம கிளாஸிலேயே நிறைய பேர்.

அது ஒருத்தரோட புனைபெயர். அவர் யுனிவர்சிட்டி புரொபசர் இல்லை. பீர் கம்பெனியில் வேலை பார்த்தவர். பெயர் வில்லியம் சீலி கோஸெட். செத்து 85 வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா இன்னைக்கும் மருந்து கம்பெனி முதல் நூல் மில் லேப் வரைக்கும் அவர் போட்ட கணக்கு ஓடிக்கிட்டிருக்கு.

ஒரே அண்டா, பத்து கருத்து

முதல்ல அவருக்கு வந்த பிரச்சினையைப் புரிஞ்சுக்கணும். வீட்டில் சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்சுவது பிரிட்டனில் 1963 முதல் லைசென்ஸ் இல்லாமலே அனுமதி. அமெரிக்காவில் 1978-இல் சட்டம் வந்தது. நம்ம ஊரில் அது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், அதனால யாரும் ஹாஸ்டல் ரூமில் ட்ரை பண்ண வேண்டாம். அங்கே ஆர்வமுள்ளவர்கள் குழுவாகச் சேர்ந்து, இந்த முறை எல்லாரும் ஒரே ரெசிபியைக் காய்ச்சலாம் என்று முடிவெடுப்பார்கள். உடனே சண்டை ஆரம்பிக்கும். எந்த ஊர் பார்லி, எந்த ஹாப்ஸ், எவ்வளவு ஈஸ்ட்? ஒருத்தர் போன தடவை இதுதான் நல்லா வந்துச்சுன்னு சொல்வார். இன்னொருத்தர் எனக்கு அப்படி வரலையேன்னு சொல்வார்.

நம்ம ஊருக்கு மாத்திப் பார்ப்போம். திண்டுக்கல்லில் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் சேர்ந்து பிரியாணி போடுறீங்க. சீரக சம்பா என்பதில் சண்டை இல்லை. எந்தக் கடை சீரக சம்பா என்பதில்தான் சண்டை. ஒரு கடை அரிசியை ரெண்டு தடவை, இன்னொரு கடை அரிசியை மூணு தடவை சமைச்சுப் பார்த்திருக்கீங்க. முதல் கடை அரிசி கொஞ்சம் நல்லா வந்தது. அது அரிசியோட குணமா, அன்னைக்கு தம் சரியா விழுந்த அதிர்ஷ்டமா? ரெண்டு மூணு தடவை பார்த்ததை வச்சு எவ்வளவு தூரம் நம்பலாம்?

100 தடவை சமைச்சுப் பார்த்தால் பதில் தெரிஞ்சிடும். ஆனா 100 தடவை சமைக்க யாரால் முடியும்? கோஸெட்டோட வாழ்க்கை முழுக்க இந்த ஒரே கேள்விதான்.

கண் கெட்டதால் கிடைத்த வேலை

கோஸெட் 1876 ஜூன் 13 அன்று இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில் பிறந்தார். அப்பா ராணுவத்தின் ராயல் எஞ்சினியர்ஸ் பிரிவில் கர்னல். மகனுக்கும் அதே பிரிவில் சேர ஆசை. கண் பார்வை சரியில்லாததால் அது நடக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் நியூ காலேஜில் சேர்ந்து கணிதம் படித்தார், பிறகு வேதியியல் படித்தார். இரண்டிலும் முதல் வகுப்பு.

1899-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் இருந்த கின்னஸ் பீர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது வயது 23. அதாவது நம்மில் பலர் கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்த கம்பெனியில் முதல் வருஷம் ஓட்டும் வயசு.

கின்னஸ் 1759-இல் ஆரம்பித்த கம்பெனி. கோஸெட் சேர்ந்த காலத்தில் உலகத்திலேயே மிகப் பெரிய பீர் ஆலைகளில் ஒன்று. அதுவரை பீர் காய்ச்சுவது கைப்பழக்கமாகவே இருந்தது. ஹாப்ஸை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்து வாங்குவார்கள். பார்லியைக் கடித்துப் பார்ப்பார்கள். நம்ம ஊர் சந்தையில் பெரியவர்கள் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து விலை சொல்வதில்லையா, அது மாதிரி. ஆனால் அவ்வளவு பெரிய ஆலையில் மூக்கை மட்டும் நம்பி ஓட்ட முடியாது. ஒரு நாள் தப்பினால் பல ஆயிரம் பீப்பாய் போச்சு. அதனால் கின்னஸ், ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்த இளைஞர்களை எடுக்க ஆரம்பித்தது. கோஸெட் அதில் ஒருவர்.

நாலு அளவு போதுமா?

பீர் எப்படி உருவாகுதுன்னு சுருக்கமா பார்த்துடுவோம். பார்லியை முளைகட்டி, காயவைத்து, வறுத்தால் மால்ட். அதை இடித்து வெந்நீரில் ஊறவைத்தால் சர்க்கரை தண்ணீரில் இறங்கும். வடிகட்டி, ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டுக் கொதிக்கவைத்தால் கசப்பும் வாசனையும் வரும்; சீக்கிரம் கெடாமலும் இருக்கும். ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால் அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும். இட்லி மாவு பொங்குவதற்கு தூரத்துச் சொந்தம்தான் இது.

இதில் ஒவ்வொரு படியிலும் அளவு பார்க்கணும். மால்ட்டில் எவ்வளவு சர்க்கரை இறங்குகிறது? ஹாப்ஸில் பிசின் எத்தனை சதவீதம்? ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் நேரமும் காசும் ஆகும். அதனால் கையில் இருப்பது நாலு, அஞ்சு, மிஞ்சினால் பத்து அளவுகள். அப்போது இருந்த புள்ளியியல் பாடப் புத்தகங்களோ நூற்றுக்கணக்கில் அளவு எடுத்தவர்களுக்காக எழுதப்பட்டவை.

1904-இல் கோஸெட் கம்பெனிக்குள் ஒரு ரிப்போர்ட் கொடுத்தார். ஒரு பீப்பாய்க்கு 133 டிகிரி சர்க்கரை என்பது இலக்கு. உண்மை அளவிலிருந்து அரை டிகிரிக்கு மேல் தப்பக் கூடாது. அப்படியானால் எத்தனை தடவை சோதிக்கணும்? 2 தடவை சோதித்தால் சராசரி அந்த எல்லைக்குள் இருக்க 4-க்கு 1 என்ற கணக்கில் வாய்ப்பு. 3 தடவை என்றால் 7-க்கு 1. 4 என்றால் 12-க்கு 1. 5 என்றால் 19-க்கு 1. 82 தடவை சோதித்தால் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 82 டெஸ்ட்டுக்கு யார் காசு கொடுப்பது? அடுத்த ஒரு டெஸ்ட்டுக்கு ஆகும் செலவும், தப்பு முடிவெடுத்தால் ஆகும் நஷ்டமும் ஒரே தராசில் வைக்கப்படணும் என்பது அவர் பார்வை. இது எஞ்சினியர் மூளை. கடைசி வரைக்கும் அவர் இப்படித்தான் யோசித்தார்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருப்பது அவருக்கே தெரிந்தது. அளவுகள் எவ்வளவு சிதறும் என்பது ஏற்கெனவே தெரிந்தால்தான் இந்தக் கணக்கு சரி. புது பார்லி, புது ஹாப்ஸ் என்றால் அந்தச் சிதறலையும் அதே நாலு அளவிலிருந்துதான் கண்டுபிடிக்கணும். நாலு அளவும் தற்செயலாகப் பக்கத்துல பக்கத்துல விழுந்துட்டா, நாம ரொம்பத் துல்லியமா இருக்கோம்னு நமக்கே ஒரு பொய் நம்பிக்கை வரும்.

சைக்கிளில் போன ஆராய்ச்சி

1905 ஜூலையில் கோஸெட், அந்தக் காலத்துப் புள்ளியியலின் பெரிய தலையான கார்ல் பியர்சனைச் சந்திக்கப் போனார். பியர்சன் அப்போது கோடை விடுமுறைக்கு ஒரு கிராமத்தில் தங்கியிருந்தார். கோஸெட் சைக்கிளில் போய், கேள்விகளைக் கேட்டு, பதில்களை எழுதிக்கொண்டு திரும்பினார். அடுத்த வருஷம் கம்பெனியே அவரை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்கு, பியர்சனின் லேபுக்கு, படிக்க அனுப்பியது. அதே 1906-இல்தான் அவருக்குக் கல்யாணமும் ஆனது; மனைவி பெயர் மார்ஜரி.

பியர்சனுக்குச் சின்ன சாம்பிள்களில் பெரிய ஆர்வம் இல்லை. அவரிடம் ஆயிரக்கணக்கில் டேட்டா இருந்தது. கோஸெட் தன் கேள்வியைத் தானே பிடித்துக்கொண்டார்.

1907-இல் முதல் பேப்பர். மைக்ராஸ்கோப்பில் கட்டம் போட்ட கண்ணாடியை வைத்து ஈஸ்ட் செல்களை எண்ணும்போது எவ்வளவு பிழை வரும் என்பது விஷயம். ஈஸ்ட் குறைந்தால் பீர் சரியாகப் புளிக்காது, கூடினால் ருசி கெடும். அதனால் எண்ணிக்கை முக்கியம். ஒரு கட்டத்தில் எத்தனை செல் விழும் என்பது பாய்ஸான் பரவலைப் பின்பற்றுகிறது என்று காட்டினார். அந்தப் பரவல் ஏற்கெனவே இருந்ததுதான். அதை அவர் சுயமாகவே போட்டு வந்து சேர்ந்தார்.

1908-இல் அந்தப் புகழ்பெற்ற பேப்பர் பயோமெட்ரிகா இதழில் வந்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அவர் செய்த வேலையைக் கேளுங்க. இங்கிலாந்தில் 3000 குற்றவாளிகளின் உயரமும் இடது கை நடுவிரல் நீளமும் ஏற்கெனவே அளந்து அச்சாகியிருந்தது. அந்த 3000 பேரின் அளவுகளை 3000 அட்டைத் துண்டுகளில் எழுதினார். நன்றாகக் கலக்கினார். நாலு நாலாகப் பிரித்தார். 750 சாம்பிள் கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் சராசரி, சிதறல் எல்லாம் கையால் கணக்குப் போட்டார். தான் கண்டுபிடித்த வளைகோட்டுடன் ஒப்பிட்டார். நன்றாகவே பொருந்தியது. இன்னைக்கு பைதானில் பத்து வரியில் நாம் ஓட்டும் மான்டி கார்லோ சிமுலேஷனை அவர் அட்டையில் ஓட்டினார்.

கிடைத்த பதில் என்ன? நிறைய டேட்டா இருந்தால் 95 சதவீத நம்பிக்கைக்கு 1.96 என்ற எண்ணைப் போடுவோம். 10 அளவுதான் இருக்குன்னா 2.26 போடணும். 4 அளவுன்னா 3.18. 3 அளவுன்னா 4.30. டேட்டா குறையக் குறைய நம் சந்தேகத்தை எவ்வளவு பெருக்கணும் என்பதற்கு ஒரு நேர்மையான விலைப்பட்டியல் அது. இன்றைய வடிவில் t என்று எழுதுவது பிறகு வந்தது. 1908-இல் அவர் போட்டது z என்ற சற்றே வேறான விகிதம்.

அந்தப் பேப்பரில் பீர் இல்லை. 10 நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்து கொடுத்ததில் எவ்வளவு நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்ற டேட்டாவை உதாரணமாகப் போட்டார். ஒன்றில் சராசரி 0.75 மணி நேரம், இன்னொன்றில் 2.33. ஆர் மென்பொருள் வச்சிருக்கீங்களா? ஸ்லீப் என்று டைப் பண்ணுங்க. அதே 10 பேர் இன்னும் அங்கே இருக்காங்க.

ஏன் 'ஸ்டூடன்ட்'?

கின்னஸில் வேலை செய்பவர்கள் ஆராய்ச்சியை வெளியிட்டால் தொழில் ரகசியம் போட்டிக் கம்பெனிக்குப் போய்விடும் என்ற பயம் நிர்வாகத்துக்கு. வெளியிடலாம், ஆனால் கம்பெனி பெயர், பீர், சொந்தப் பெயர் மூன்றும் வரக்கூடாது என்பது ஏற்பாடு. எனவே கோஸெட் 'ஸ்டூடன்ட்' ஆனார். வேலையில் பெரிய ஆளாக ஆன பிறகும் அவர் அந்தப் பெயரை மாற்றவில்லை.

1912-இல் கேம்பிரிட்ஜ் மாணவர் ஒருவர் அவருக்குக் கடிதம் எழுதினார். கோஸெட் உள்ளுணர்வோடு போட்ட சூத்திரத்துக்கு அந்தப் பையன் பல பரிமாண ஜியோமெட்ரியை வைத்து முழு நிரூபணம் அனுப்பியிருந்தான். கோஸெட்டுக்கு அது முழுசாகப் புரியவில்லை. புரியவில்லை என்பதையும் மறைக்காமல், பார்க்கச் சொல்லி பியர்சனுக்கு அனுப்பிவைத்தார். அந்தப் பையன்தான் ஆர்.ஏ. ஃபிஷர். பின்னாளில் இந்தக் கணக்கை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர். இருவரும் சேர்ந்து இப்போதைய t வடிவத்துக்கு மாற்றி, 1925-இல் புது டேபிள்கள் வந்தன.

பியர்சனுக்கும் ஃபிஷருக்கும் ஜென்மப் பகை. ஒருவரை ஒருவர் பேப்பரில் கிழித்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் கடைசி வரை நண்பராக இருந்தவர் கோஸெட். அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டினார் என்றில்லை. வயல் சோதனை எப்படி அமைக்கணும் என்பதில் ஃபிஷருடன் கடைசி வரை ஒத்துப்போகவில்லை.

விவசாயி சொன்னது சரி

அந்த வயல் கதையைத்தான் நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் படிக்கணும். நல்ல பீருக்கு நல்ல பார்லி வேணும். அதனால் அயர்லாந்து விவசாயத் துறையும் கின்னஸும் சேர்ந்து ஊர் ஊராக பார்லி ரகங்களைச் சோதித்தன. ஒரு வயலில் ஒரே ரகத்தை விதைத்தாலும் மேட்டுப் பக்கம் ஒரு மாதிரி, வாய்க்கால் பக்கம் ஒரு மாதிரி விளையும். ஒரு ரகத்தை மேட்டிலும் இன்னொன்றைப் பள்ளத்திலும் போட்டு ஒப்பிட்டால், நாம் ஒப்பிடுவது மண்ணைத்தான், விதையை இல்லை. அதனால் இரண்டு ரகங்களையும் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளாக விதைத்து, ஜோடி ஜோடியாக ஒப்பிடணும் என்பது கோஸெட்டின் கட்சி. எங்கே எதை விதைப்பது என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு பண்ணணும் என்பது ஃபிஷரின் கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கு. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

இந்தச் சோதனைகளில் ஸ்ப்ராட்-ஆர்ச்சர் என்ற ரகம் ஜெயித்தது. அயர்லாந்து முழுக்கப் பரவியது. ஆனால் ஒரு பகுதி விவசாயிகள் மட்டும் எங்க நாட்டு பார்லிதான் நல்லா விளையுதுன்னு சொல்லி வாங்க மறுத்தார்கள். அவர்களுக்குப் பாடம் புகட்ட, விவசாயத் துறை அதே ஊரில் இரண்டையும் விதைத்துக் காட்டியது. ஜெயித்தது நாட்டு பார்லி! காரணம் களை. அந்த ஊரில் களை அதிகம். நாட்டு ரகம் ஆரம்பத்திலேயே வேகமாக வளர்ந்து களையை அமுக்கிவிடும். புது ரகம் மெதுவாக எழுந்து களையிடம் தோற்றது. கோஸெட் இதைப் பிறகு தன் கட்டுரையில் எழுதிவைத்தார். நாடு முழுக்க எடுத்த சராசரி ஒரு ஊருக்குப் பொருந்தணும் என்று கட்டாயமில்லை. வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கம் காடு வச்சிருக்கிற வீட்டிலிருந்து வர்ற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

20,000 பிள்ளைகளும் பாலும்

1930-இல் ஸ்காட்லாந்தின் லேனார்க்ஷயர் பகுதியில் 20,000 பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. 10,000 பேருக்கு நாலு மாதம் தினமும் முக்கால் பைண்ட் பால். மீதி 10,000 பேருக்கு இல்லை. பால் குடித்தால் பிள்ளைகள் வளர்கிறார்களா என்பது கேள்வி. காமராஜரின் மதிய உணவும் எம்.ஜி.ஆரின் சத்துணவும் பார்த்த நமக்கு இது அந்நியமான கேள்வி இல்லை.

அடுத்த வருஷம் கோஸெட் அதை அலசினார். 20,000 பேர் என்பதைப் பார்த்து அவர் மயங்கவில்லை. இரண்டு குழுவையும் சமப்படுத்த ஆசிரியர்களுக்கு உரிமை கொடுத்திருந்தார்கள். பாவம், ஒல்லியாக இருந்த ஏழைப் பிள்ளைகளைப் பால் குழுவில் சேர்த்துவிட்டார்கள் போல. நல்ல மனசுதான், ஆனால் சோதனை போச்சு. அதோடு பிள்ளைகளை உடுப்போடு எடை போட்டார்கள்: முதல் எடை பிப்ரவரிக் குளிரில், கடைசி எடை ஜூனில். வசதியான பிள்ளை குளிருக்குக் கனமாக உடுத்தி வந்திருக்கும், ஜூனில் அதைக் கழற்றியிருக்கும். ஏழைப் பிள்ளையிடம் கழற்ற கனமான உடுப்பே இல்லை. 50 ஜோடி ஒரே மாதிரி இரட்டைக் குழந்தைகளை எடுத்து, ஒருவருக்குப் பால் கொடுத்து ஒருவருக்குக் கொடுக்காமல் பார்த்திருந்தால், மிகக் குறைந்த செலவில் இதைவிட நம்பகமான பதில் கிடைத்திருக்கும் என்று அவர் காட்டினார். சின்ன சாம்பிளைக் காப்பாற்றக் கணக்கு இருக்கு. தப்பாக எடுத்த பெரிய சாம்பிளைக் காப்பாற்ற எதுவும் இல்லை.

கடைசி வருஷங்கள்

1934-இல் கார் விபத்தில் கால் உடைந்து படுத்தார், படுக்கையிலும் புள்ளியியல்தான். 1935-இல் லண்டன் பார்க் ராயலில் கின்னஸ் புதிதாகக் கட்டிய ஆலையைப் பார்த்துக்கொள்ள டப்ளினை விட்டுப் போனார். 1937-இல் கம்பெனியின் தலைமை ப்ரூவர் பொறுப்பு கிடைத்தது. கொஞ்ச நாள்தான். அந்த வருஷம் அக்டோபர் 16 அன்று மாரடைப்பில் இறந்தார். வயது 61. 'ஸ்டூடன்ட்' யார் என்பது துறைக்காரர்களைத் தாண்டி வெளியே தெரிந்தது அதற்குப் பிறகுதான். அவருக்கு அஞ்சலிக் கட்டுரை எழுதியவர்களில் ஃபிஷரும் உண்டு, பியர்சனின் மகன் எகானும் உண்டு.

இப்போ உங்க ப்ராஜெக்ட்டுக்கு வருவோம்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன் இது. சிவில் பசங்க சிமெண்ட்டுக்குப் பதில் சாம்பல் கலந்து மூணு கியூப் போட்டு உடைப்பீங்க. ஐ.எஸ். 456 மூணு கியூபின் சராசரியைத்தான் ஒரு ரிசல்ட் என்கிறது. ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்றும் சொல்கிறது. சரி, மூணு கியூபின் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 2 நியூட்டன் என்று வச்சுக்குவோம். 1.96 போட்டால் உங்கள் சராசரியின் பிழை எல்லை சுமார் 2.3. கோஸெட் சொல்ற 4.30 போட்டால் சுமார் 5. உங்க புது மிக்ஸ் பழைய மிக்ஸைவிட 3 நியூட்டன் கூடன்னு பிபிடியில் பெரிய எழுத்தில் போடுறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

டெக்ஸ்டைல் பசங்க மில் இன்டர்ன்ஷிப்பில் ரெண்டு மிக்ஸிங்கோட நூல் ஸ்ட்ரெங்த் ஒப்பிடுவீங்க. சி.எஸ். பசங்க மாடலை அஞ்சு தடவை ரன் பண்ணி அக்யூரசி ஒரு சதவீதம் கூடிச்சுன்னு எழுதுவீங்க. எல்லாமே அதே பிரியாணி அரிசிக் கேள்விதான். எத்தனை தடவை பார்த்தீங்க, எவ்வளவு சிதறுச்சு, ரெண்டையும் ஒரே நிலைமையில் ஜோடியா பார்த்தீங்களா, தப்பா முடிவெடுத்தா என்ன நஷ்டம்? இந்த நாலையும் ரிப்போர்ட்டில் எழுதுங்க. வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டாலும் சமாளிக்கலாம். கேட்காவிட்டாலும், நாளைக்கு அந்த கான்கிரீட்டுக்குக் கீழே நிற்கப்போகிற மனுஷனுக்கு அது உதவும்.

அடுத்த தடவை டி டேபிளைத் திறக்கும்போது கடைசி வரியைப் பாருங்க: இன்ஃபினிட்டி, 1.96. அது ஆயிரக்கணக்கில் டேட்டா வைத்திருந்த பியர்சனோட உலகம். அப்படியே மேலே போங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று தொடங்கும் அந்த முதல் வரிகள்தான் கோஸெட்டோடது. நம்ம லேபில் கிடைக்கிற சாம்பிளும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.